பூட்டுக்கு மரியாதை

எங்கள் தொழிற்சாலையில் மொத்தம் முப்பத்தோரு கதவுகள். அவற்றில் எந்தக் கதவை யார் திறக்கலாம், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை திறக்கலாம் என்று கணினியில் ஏற்றி வைப்பது நாலு வருஷமாக என் வேலைகளில் ஒன்றாக இருந்தது. சொந்த வீட்டுக்கே காலிங்பெல் அடித்துவிட்டு நிற்கிற ஆள் நான். வீட்டுச் சாவி மனைவியிடம்தான் இருக்கும். என்னிடம் கொடுத்தால் அது மூக்கண்டப்பள்ளி டீக்கடை மேசையில் இருக்கும். இப்படிப்பட்டவனிடம் முப்பத்தோரு கதவுகளை எப்படி நம்பி ஒப்படைத்தார்கள் என்று நீங்கள் கேட்கலாம். அந்த வேலை யாருக்கு என்று முடிவு செய்த கூட்டத்துக்கு நான்தான் கடைசியாகப் போய் உட்கார்ந்தேன். வேறு தகுதி எதுவும் எனக்கு ஞாபகம் இல்லை.

ஓசூரில் வண்டிகளுக்கு பிரேக் பாகங்கள் செய்கிற கம்பெனி. எல்லார் கழுத்திலும் ஒரு கார்டு தொங்கும். கதவருகே உள்ள சின்னப் பெட்டியில் அதைக் காட்டினால் பச்சை விளக்கு எரிந்து கதவு திறக்கும். அனுமதி இல்லையென்றால் சிவப்பு எரிந்து கீச்சென்று கத்தும். அந்த அனுமதியைக் கொடுப்பதும் பிடுங்குவதும் டைம் ஆபீசில் உட்கார்ந்திருக்கிற நான். விடுமுறை நாளில், அவசரத்தில் கதவு திறக்கச் சொல்லும் உரிமை உள்ள ஏழெட்டுப் பேருக்கு ‘கீ ஹோல்டர்’ என்று பெயர். மெயின் கேட்டில் ஒட்டுகிற பட்டியலில் அதைத் தமிழில் ‘சாவிக்காரர்கள்’ என்று நான்தான் எழுதினேன். அந்த ஏழெட்டுப் பேரில் ஒருவரிடமும் சாவி என்று ஒன்று கிடையாது. ஞாயிற்றுக்கிழமைச் சாவிக்காரன் நான்.

வேலை இல்லாத அறைக்குத்தான் எல்லாரும் அனுமதி கேட்பார்கள். ஏப்ரல் மாதம் வந்தால் ஏசி உள்ள அறைகளுக்குத் திடீரென்று நிறையப் பேருக்கு அலுவல் இருக்கும். நான் முடிந்தவரை எல்லாருக்கும் இல்லை என்றுதான் சொல்வேன். அது ஒன்றுதான் இந்த வேலையில் எனக்குக் கிடைத்த அதிகாரம்.

இந்த அமைப்புக்கு ஒரு பிடிவாதம் உண்டு. உள்ளே போகும்போது கார்டு காட்டியவன் வெளியே வரும்போதும் காட்ட வேண்டும். காட்டாமல் வேறு யார் முதுகுக்குப் பின்னாலாவது நழுவி வந்துவிட்டால், அவன் இன்னும் உள்ளேதான் இருக்கிறான் என்று அது நம்பிக்கொண்டிருக்கும். மறுபடி உள்ளே விடாது. ஒருநாள் ஒருவரோடு கதை பேசிக்கொண்டே அவர் பின்னால் வெளியே வந்துவிட்டேன். திரும்பிப் போய் கார்டைக் காட்டினால் சிவப்பு. நான் உள்ளே இருப்பதாக அது சொல்கிறது, நான் வெளியே வெயிலில் நிற்கிறேன். அதைச் சரிசெய்யக்கூடிய ஒரே ஆள் நான். சரிசெய்யும் கணினி உள்ளே இருக்கிறது.

மெயின் கேட்டில் இருந்த செக்யூரிட்டி வந்து பார்த்தார். “ஒளகெ, உள்ள இர்றவரு யாரு சார், உங்க தம்பியா?” என்று கேட்டுவிட்டுப் போய் ஆள் கூட்டிவந்தார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பதைத் தாண்டியவர். தளி ரோட்டில் ஒரு கிராமம். வீட்டில் கன்னடம், மனைவி பக்கத்து உறவுக்காரர்களோடு தெலுங்கு, எங்களோடு தமிழ். சந்தோஷமோ பதற்றமோ வந்தால் மூன்றும் ஒரே வாக்கியத்தில் வரும். கான்டிராக்ட் ஏஜென்சி மூலமாக வந்த ஆள்தான் என்றாலும் ஏழு வருஷமாக அதே கேட். கார்டு எடுத்துவர மறந்தவர்களை அவர் பார்க்கிற பார்வைக்குப் பயந்தே பலபேர் பாதி வழியில் வண்டியைத் திருப்பி வீட்டுக்குப் போவார்கள். நான் அவரை அண்ணா என்பேன். அவர் என்னை சார் என்பார். அவர் பெண்ணுக்கு ஆனேக்கல் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்திருப்பதாக ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டாருக்கு அவர் வேலை செய்கிற இடத்தை ஒருதடவை பார்க்க வேண்டுமாம், ஞாயிற்றுக்கிழமை வரலாமா என்றும் கேட்டிருக்கிறார். நான் வருகைப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டே தலையாட்டியிருக்கிறேன். இதெல்லாம் அவர் பிற்பாடு சொல்லித்தான் எனக்கே தெரியும்.

இன்னொருவர் எங்கள் ஹெச்.ஆர். மேடம். பெங்களூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் தினமும் ஜூஜுவாடி தாண்டி வருகிறவர். தாய்மொழி கன்னடம், என்னைவிடச் சுத்தமாகத் தமிழ் பேசுவார். என்னிடம் அவருக்கு நம்பிக்கை குறைவு. அதற்குக் காரணம் கேன்டீன் கதவு. அந்தச் சின்னப் பெட்டியின் திரையில் ‘அனுமதிக்கப்பட்டது’, ‘மறுக்கப்பட்டது’ என்று ஆங்கிலத்தில் வருவதை நாம் விரும்பியபடி மாற்றிக்கொள்ளலாம் என்று ஒருநாள் கண்டுபிடித்தேன். திறந்தால் ‘வாங்க’ என்றும், திறக்காவிட்டால் ‘அப்பவே சாப்பிட்டாச்சே’ என்றும் ஆங்கில எழுத்தில் வரும்படி வைத்துவிட்டேன். முதலில் அதில் மாட்டியவர் மேடம். அன்றிலிருந்து நான் எதைச் சொன்னாலும் அவர் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் நம்புவார்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்களிடம் மாஸ்டர் சாம்பிள் ரூம் என்று ஓர் அறை உண்டு. பெரிய கம்பெனிகள் ‘இதுமாதிரிதான் செய்ய வேண்டும்’ என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரிப் பொருள்களும் வரைபடங்களும் அங்கே இருக்கும். ஒரு கம்பெனியின் பொருளை இன்னொரு கம்பெனிக்காரர் பார்த்துவிடக் கூடாது. அதனால் அந்தக் கதவுக்கு மட்டும் ஐந்தே பேருக்கு அனுமதி. அந்தக் கதவை இழுத்துப் பிடித்திருக்கும் காந்தப் பூட்டு, வலுவாக இழுத்தால் கையோடு வருகிற நிலைக்கு வந்திருந்தது. வியாழக்கிழமை வாடிக்கையாளர் தரப்பிலிருந்து ஆடிட்டுக்கு வருகிறார்கள். ஞாயிறு மின்சாரத்தை நிறுத்தி வேலை செய்வது சுலபம் என்பதால் பெங்களூரிலிருந்து பூட்டு ரிப்பேர் செய்கிறவரை அன்றைக்கு வரச் சொல்லியிருந்தேன்.

சனிக்கிழமை மாலை கிளம்பும்போது இதை கேட்டில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். தமிழில் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த மாதம்தான் நான் கன்னடம் கற்றுக்கொண்டிருந்தேன். கற்றுக்கொண்டிருந்தேன் என்றால், அத்திப்பள்ளியில் ஒரு கடையில் வண்டிக்குப் பூட்டு வாங்கியபோது கடைக்காரர் அதை ‘பீக’ என்று சொன்னார். அதுவும் பஸ்ஸில் காதில் விழுந்த பத்துப் பதினைந்து சொற்களும்தான் என் கன்னடம். பூட்டு என்றால் பீக. பூட்டு வேலை செய்ய வருகிறவர் பெரிய மனிதர், எனவே மரியாதையாக ‘பீகரு’. இப்படி எனக்கு நானே இலக்கணம் வகுத்துக்கொண்டு, வண்டியை நிறுத்தி, செக்யூரிட்டியிடம் சொன்னேன்: “நாளெ பீகரு பர்தாரெ. சென்னாகி நோட்கொள்ளி.”

நாளைக்கு வருவார், நன்றாகக் கவனித்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். அதுவரை சரி.

அவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, “கண்டிதா சார்” என்றார். நிச்சயமாக என்று கன்னடத்தில் சொல்கிறார் என்பது புரிந்தது. ஒரு பூட்டு ரிப்பேருக்கு இவ்வளவு நெகிழ என்ன இருக்கிறது என்பதுதான் புரியவில்லை. என் கன்னடத்தைக் கேட்டு நெகிழ்ந்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். அன்று வீடுவரை வண்டி தானாக ஓடியது மாதிரி இருந்தது.

ஞாயிறு மதியம் கெலமங்கலத்தில் என் மாமனார் வீட்டில் இருந்தேன். சாப்பிட்டுக் கையலம்பியிருந்தேன். இரண்டு மணி வாக்கில் போன் வந்தது. பின்னால் லாரிச் சத்தம்.

“சார், பீகரு பந்தவ்ரே. கேட்லயே நிக்க வெச்சா நல்லா இருக்காது. ஒளகெ கூர வெக்கலாமா?”

பூட்டுக்காரர் வந்துவிட்டார், உள்ளே உட்கார வைக்கலாமா என்று கேட்கிறார். என்ன பண்பான மனிதர் என்று நினைத்துக்கொண்டே எத்தனை பேர் என்று கேட்டேன். நாலு பேர் என்றார். ஒரு பூட்டுக்கு நாலு பேரா என்று நான் ஆச்சரியப்படுவதற்குள் அவர் இன்னொன்றும் சொன்னார்: “ஹெங்கஸ்ரூ அவ்ரே சார்.”

பெண்களும் வந்திருக்கிறார்கள் என்பது அதன் பொருள். என் காதில் விழுந்தது, ‘எஞ்சினியரு அவரே’ என்று. எஞ்சினியரே நேரில் வந்திருக்கிறார்! ஆடிட்டுக்கு முன்னால் எப்படியாவது வேலையை முடிக்க வேண்டும் என்று நான் போனில் அழுததற்குப் பலன் கிடைத்திருக்கிறது.

“அவங்கள எதுக்குண்ணா கேட்ல நிக்க வெக்கறீங்க? நேரா சாம்பிள் ரூமுக்கே கூட்டிட்டுப் போங்க. பேன்ட்ரில டீ போட்டுக் குடுங்க. அவசரமில்ல, எல்லாத்தையும் நல்லா பாக்கட்டும்.”

“சாம்பிள் ரூமுக்கா சார்?”

“பின்ன அதுக்குத்தான வந்திருக்காங்க?”

போனை வைத்துவிட்டு, செல்போனிலேயே கதவு ஆப்பைத் திறந்து, செக்யூரிட்டியின் கார்டுக்கு இரண்டு மணியிலிருந்து ஆறு மணிவரை தற்காலிகச் சாவிக்காரர் அனுமதி கொடுத்தேன். சாம்பிள் ரூம், கான்ஃபரன்ஸ் ஹால், பேன்ட்ரி, இடையில் உள்ள கதவுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து. கடைசியில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் உண்டு. அதை நிரப்பாமல் அது விடாது. பூட்டு ரிப்பேர் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கலாம். ஆனால் ரிப்பேரில் ‘ஏ’ முன்னால் வருமா ‘ஐ’ முன்னால் வருமா என்பது எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே சந்தேகம். முன்பு ஒருதடவை மாற்றி எழுதி, மேடம் சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார். வம்பு எதற்கு என்று ஆங்கில எழுத்தில் ‘பீகரு’ என்று தட்டி ஓகே கொடுத்தேன்.

நாலு மணிக்கு இன்னொரு போன். பெங்களூர் எண். பூட்டு ரிப்பேர்காரர் பேசினார். அத்திப்பள்ளியில் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டாராம், இதற்குமேல் வந்து வேலை ஆகாதாம், நாளைக் காலை வருகிறாராம், மன்னிக்க வேண்டுமாம். நான் சரி சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான், அப்படியானால் அறைக்குள் இரண்டு மணி நேரமாக இருக்கிற நாலு பேர் யார் என்ற கேள்வி வந்தது.

மனைவி பக்கத்தில் உட்கார்ந்து மாம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம். என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன என்றாள். சொன்னேன். செக்யூரிட்டி என்ன சொன்னார் என்பதை வார்த்தை மாறாமல் சொல்லச் சொன்னாள். அதையும் சொன்னேன். நீ அவரிடம் முதலில் என்ன சொன்னாய் என்றாள். சனிக்கிழமை வாக்கியத்தை, கொஞ்சம் பெருமை குறையாமலே, சொன்னேன்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். “பீகன்னா பூட்டுதான். பீகருன்னா சம்பந்திங்க.”

அவள் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரமானது. மாமனாரும் எழுந்துவந்து கேட்டுச் சிரித்தார். என் அப்பாவுக்கு அவர் பீகர். சிரிக்கிற உரிமை அவருக்கு உண்டு.

உடனே ஆப்பைத் திறந்து அனுமதியை ரத்து செய்தேன். செக்யூரிட்டிக்குப் போன் போட்டேன். என்ன கேட்பது என்று தெரியாமல், போய்விட்டார்களா என்று மட்டும் கேட்டேன். இப்போதுதான் கிளம்பினார்கள் என்றார். அவர் குரல் அதுவரை நான் கேட்டிராத குரலாக இருந்தது.

“ஒப்பிக்கிட்டாங்க சார். தட்டு மாத்திட்டோம். எல்லாம் நீங்க செஞ்சது.”

எல்லாம் நான் செய்ததுதான். அதில் சந்தேகமே இல்லை. “சந்தோஷம்ணா” என்றேன்.

திங்கட்கிழமை காலை பூட்டு ரிப்பேர்காரர் எனக்கு முன்னாலேயே வந்து காத்திருந்தார். அவருக்கு முன்னாலேயே செய்தி வந்துவிட்டது. சாம்பிள் ரூமில் அளவு பார்ப்பதற்கு ஒரு பெரிய கருங்கல் பலகை உண்டு. கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கல்லை இழைத்து இழைத்து, ஒரு மயிரிழை மேடு பள்ளம் இல்லாமல் செய்தது. அதன்மேல் வெறுங்கை வைக்கக் கூடாது, வியர்வை ஆகாது. காலையில் அறையைத் திறந்த தரப் பரிசோதனைக்காரர் அதன்மேல் மஞ்சள் தடவிய ஏழெட்டு அரிசிகளையும் ஒரு வெற்றிலைக் காம்பையும் பார்த்திருக்கிறார். நேராக மேடமிடம் போய்விட்டார்.

மேடம் கேமராப் பதிவைப் போட்டுப் பார்த்திருந்தார். பிறகு எனக்கும் காட்டினார். பட்டுப் புடவையும் மல்லிகைப் பூவுமாக இரண்டு பெண்கள், வேட்டி சட்டையில் இரண்டு ஆண்கள், சீருடையில் எங்கள் செக்யூரிட்டி. அவர் கார்டைக் காட்டுகிறார், கதவு திறக்கிறது, பெரியவர் அவரைத் திரும்பிப் பார்க்கிறார். அடுத்த கதவு. அதுவும் திறக்கிறது. ஒவ்வொரு கதவுக்கும் பெரியவரின் முகத்தில் மரியாதை கூடிக்கொண்டே போகிறது. சாம்பிள் ரூமில் ஏசிக்கு நேராக நின்று நாலு பேரும் கொஞ்ச நேரம் குளிர் வாங்குகிறார்கள். அந்த அறையில் தட்டு வைக்க வேறு மேசை இல்லை. ஓசூரிலேயே மிகச் சமமான அந்த இடத்தில் வெற்றிலை பாக்கு, தேங்காய், வாழைப்பழத் தட்டை வைத்து மாற்றிக்கொள்கிறார்கள். அலமாரியில் இருந்த எதையும் யாரும் தொடவில்லை. ஓர் அம்மாள் மட்டும் ஒரு பிரேக் டிரம்மைக் குனிந்து பார்த்து, பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்கிறார். எந்தச் சமையலுக்கு இந்தப் பாத்திரம் என்று கேட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றியது. சிரிக்கக் கூடாத நேரம், அடக்கிக்கொண்டேன்.

மேடம் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். பதிவில் எல்லாக் கதவும் செக்யூரிட்டியின் கார்டால் திறந்திருக்கின்றன. வெளி ஆளை அந்த அறைக்குள் விட்ட காவலாளியை அன்றே மாற்ற வேண்டும் என்பது வாடிக்கையாளரோடு போட்ட ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. ஏஜென்சிக்குச் சொல்லியாகிவிட்டது, மதியம் மாற்று ஆளோடு வருகிறார்கள். இந்த வயதில், இந்தக் குறிப்போடு, ஏஜென்சி அவரை வேறு இடத்துக்கு அனுப்பாது. அவர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். முந்தின நாள்தான் சம்பந்தியாக ஒப்புக்கொண்டவர்கள், அந்தக் கதவுகளைப் பார்த்து ஒப்புக்கொண்டவர்கள், இதைக் கேட்டால் என்ன செய்வார்கள் என்பதை யாரும் அவருக்கு விளக்க வேண்டியதில்லை.

மேடம் என்னைக் கூப்பிட்டது வேறு காரணத்துக்கு. அவர் கார்டுக்கு அனுமதி கொடுத்தது யார் என்று தெரிய வேண்டும். பதிவில் ‘அட்மின்’ என்று மட்டும் இருந்தது. அந்தப் பெயரையும் பாஸ்வேர்டையும் மூன்று பேர் பயன்படுத்திவந்தோம்: நான், கணினிப் பிரிவுக்காரர், மெயின்டனன்ஸ் எஞ்சினியர். மற்ற இரண்டு பேரும் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். நீங்கள் கண்டுபிடித்துச் சொல்லுங்கள் என்றார்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காலையில் வண்டி ஓட்டிவரும்போதே இதை நினைத்துப் பார்த்திருந்தேன். வாயைத் திறக்காவிட்டால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. இப்போது கண்டுபிடிக்கிற வேலையையும் என்னிடமே கொடுத்துவிட்டார்கள். இரண்டு நாள் தேடுகிற மாதிரி தேடி, ‘தெரியவில்லை மேடம்’ என்று ஒரு தாள் எழுதிக் கொடுத்தால் முடிந்தது. எனக்கு வீட்டுக் கடன் இருக்கிறது, அவருக்குக் கல்யாணச் செலவு இருக்கிறது என்று மனசு ஒரு தராசைத் தூக்கிக்கொண்டும் வந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவர் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். நான் அவரைக் காப்பாற்ற வந்திருப்பதாக நினைத்துவிட்டார் போலிருக்கிறது. அது ஒரு சங்கடம்.

“நான்தான் மேடம் குடுத்தேன்” என்றேன்.

அவர் வழக்கம்போல ஒரு நொடி யோசித்தார். இந்தத் தடவை நம்பாமலே விட்டார். “இது கேன்டீன் கதவு இல்ல. ஜோக் பண்ற விஷயமும் இல்ல. அவர காப்பாத்தணும்னு நினைக்கறீங்க, புரியுது. அதுக்காக இப்படி சொல்லாதீங்க.”

வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, யாரும் கட்டாயப்படுத்தாமல், உண்மையைச் சொல்கிறேன். அது விளையாட்டு என்று தள்ளுபடியாகிறது. நாலு வருஷமாக நான் சிரித்துச் சிரித்துச் சேர்த்துவைத்தது அன்றைக்கு மொத்தமாகக் கைக்கு வந்தது.

அவர் தாளை என் பக்கம் திருப்பினார். காரணம் என்ற கட்டத்தில் ‘பீகரு’ என்று இருந்தது. “யாரோ தெரிஞ்சே குடுத்திருக்காங்க. சம்பந்தி வர்றாங்கன்னு காரணமும் எழுதியிருக்காங்க. கன்னடம் தெரிஞ்சவங்கதான் இத எழுத முடியும். உங்களுக்குத் தெரியாதே.”

“தெரியாததாலதான் மேடம் எழுதினேன்.”

சனிக்கிழமையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அத்திப்பள்ளிக் கடை, என் இலக்கணம், லாரிச் சத்தம், எஞ்சினியர். அவர் பேனாவைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். சரி, சனிக்கிழமை அவரிடம் சொன்னதை இப்போது எனக்குச் சொல்லுங்கள் என்று கன்னடத்தில் கேட்டார். அதுவும் சைகையோடு சொன்னதால்தான் புரிந்தது. நான் எழுந்து நின்று சொன்னேன்: நாளெ பீகரு பர்தாரெ, சென்னாகி நோட்கொள்ளி. என் ‘சென்னாகி’ சென்னைக்குப் போகிற பஸ் மாதிரி ஒலித்தது எனக்கே கேட்டது.

“பூட்டுக்கு என்ன சொல்லணும்?”

“பீக, மேடம்.”

“அப்பறம் ‘ரு’ எங்கேருந்து வந்துச்சு?”

“மரியாதைக்கு மேடம்.”

அவர் பேனாவை வைத்துவிட்டு நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. திரும்பி வந்தபோது முகம் பழையபடி இருந்தது, கண் மட்டும் ஈரமாக இருந்தது. பூட்டு வேலைக்கு வருகிறவரை ‘பீகதவரு’ என்று சொல்ல வேண்டும் என்றார். இப்போது அது எனக்கு மறக்காது.

செக்யூரிட்டியை உள்ளே கூப்பிட்டார். அவரிடம் கன்னடத்தில் கேட்டார், அவரும் கன்னடத்தில் சொன்னார். நடுவில் ஒரு தடவை அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சனிக்கிழமை சொன்னதெல்லாம் ஒரு பூட்டைப் பற்றி என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. கோபப்படுவார் என்று நினைத்தேன். “அப்ப உங்களுக்கு என் பொண்ணு விசயமே தெரியாதா சார்?” என்று தமிழில் கேட்டார். மேடம் முன்னால் ஒப்புக்கொண்டதைவிட அந்தக் கேள்விதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஒரு வாரமாகச் சொல்லியிருக்கிறார், மனுஷன்.

மேடம் ஏஜென்சிக்குப் போன் போட்டு மாற்று ஆள் வேண்டாம் என்றார். அனுமதி பெற்ற ஆள், அனுமதி கொடுத்தவர் சொன்னதைச் செய்திருக்கிறார்; அவர்மேல் தவறு இல்லை. ஆனால் நடந்ததை வாடிக்கையாளரிடம் மறைக்க முடியாது. மறைக்கவும் அவர் சம்மதிக்கவில்லை. எங்கள் தொழிற்சாலையில் எந்தத் தவறு நடந்தாலும் ‘ஒய் ஒய்’ என்று ஒரு படிவம் நிரப்ப வேண்டும். ஏன் நடந்தது, அது ஏன், அந்த அது ஏன் என்று ஐந்து தடவை கேட்டு அடிக்காரணத்தைத் தோண்டி எடுக்க வேண்டும். பிரஸ் மெஷினில் ஆணி உடைந்தால் நிரப்புகிற அதே படிவம். எழுத வேண்டியவன் நான்.

கதவு ஏன் திறந்தது? அனுமதி இருந்ததால். அனுமதி ஏன்? பூட்டு ரிப்பேர்காரர் வந்ததாக நினைத்ததால். ஏன் நினைத்தார்? சம்பந்தி என்ற சொல்லைப் பூட்டு என்று புரிந்துகொண்டதால். ஏன் அப்படிப் புரிந்துகொண்டார்? இயக்குபவர், அதாவது நான், ஒரு பூட்டுக்கு மரியாதை விகுதி சேர்த்ததால். ஏன் சேர்த்தார்? இந்த ஐந்தாவது கட்டத்தில் நான் அரை மணி நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ‘பழக்கம்’ என்று எழுதினேன். மேடம் அதை அடித்துவிட்டு ‘போதிய மொழிப் பயிற்சி இல்லாமை’ என்று மாற்றினார்.

வியாழக்கிழமை ஆடிட்டர் அந்தப் படிவத்தைப் படித்தார். மாதிரிகளை எண்ணினார், சரியாக இருந்தன. கருங்கல் பலகையைத் திரும்ப அளவு பார்த்த சான்றிதழைக் கேட்டார், கொடுத்தோம். புதிய பூட்டை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. கிளம்பும்போது கேட்டில் செக்யூரிட்டியைப் பார்த்து ஏதோ சொல்லிவிட்டுப் போனார். கல்யாணம் எப்போது என்று கேட்டாராம்.

திருத்த நடவடிக்கை என்ற கட்டத்தில் இருந்தவை எல்லாம் நடந்தன. அட்மினுக்கு மூன்று தனித்தனிப் பெயர்கள் வந்தன. அதில் என் பெயர் இல்லை. இப்போது யார் எந்தக் கதவைத் திறந்தார்கள் என்று நான் பார்க்கலாம், திறக்க முடியாது. என் கார்டுக்கு மெயின் கேட், டைம் ஆபீஸ், கேன்டீன் மூன்றும் திறக்கும். ஞாயிற்றுக்கிழமைச் சாவிக்காரர் இப்போது மேடம். புதிய பட்டியலை செக்யூரிட்டிதான் செல்லோ டேப் போட்டு ஒட்டினார். என் பெயர் இருந்த வரி போன இடத்தில் தாள் கொஞ்சம் மடங்கியிருந்தது. அதைக் கட்டைவிரலால் நீவி நீவிச் சரிசெய்தார். அவர் என் பக்கம் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு ஒருதடவை ஒரு கோப்பு எடுக்க சாம்பிள் ரூமுக்குப் போக வேண்டியிருந்தது. அனுமதிச் சீட்டோடு அவர்தான் கூடவந்து திறந்துவிட்டார். பதிவேட்டில் காரணம் எழுத வேண்டும். என்னிடம் கேட்காமலே கன்னட எழுத்தில் ஏதோ எழுதினார். என்னண்ணா எழுதினீங்க என்றேன். “உங்களுக்குத்தான் கன்னட வர்த்தே சார், படிங்க” என்றார்.

கல்யாணம் ஆனேக்கல் பக்கம் நடந்தது. கல்யாணத்தன்று எனக்கு வேலை. அதற்கு மறுநாள் நடந்த விருந்துக்கு மனைவியோடு போனேன். சம்பந்திகளுக்காகவே போடுகிற ஆட்டுக்கறி விருந்து, ‘பீகர ஊட்டா’ என்பார்கள். அழைப்பை வாட்ஸப்பில் பார்த்தபோதே மனைவி, இது பூட்டு சாப்பாடு இல்லை, நன்றாகப் படித்துக்கொள் என்றாள். ராகிக்களியும் கறிக்குழம்பும். நான் மூன்றாவது உருண்டை வாங்கிக்கொண்டிருந்தபோது செக்யூரிட்டி தன் சம்பந்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார். கேமராவில் பார்த்த அதே பெரியவர். இவர்தான் அந்தக் கதவெல்லாம் திறக்கச் சொன்னவர் என்று அறிமுகம் செய்தார். சாவிக்காரர்கள் பட்டியலிலிருந்து என்னைத் தூக்கிய கதையை அவர் சொல்லவில்லை. நானும் வாயில் களி இருந்ததால் சொல்லவில்லை.

பெரியவர் என் இலைக்கு எதிரே குனிந்து கன்னடத்தில் ஏதோ கேட்டார். அந்தக் குளிர் அறை, கதவு என்ற இரண்டு சொற்கள் மட்டும் பிடிபட்டன. பதில் சொல்லாமல் விட்டால் மரியாதையாக இருக்காது. எனக்குத் தெரிந்த சொற்களை எல்லாம் கூட்டி, கடைசியில் மரியாதைக்கு ஒரு ‘ரு’வும் சேர்த்து, ஒரு வாக்கியம் சொன்னேன்.

அந்தப் பந்தி முழுக்கச் சிரித்தது. பரிமாறிக்கொண்டிருந்தவர் குழம்பு வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். மேடம் இரண்டு இலை தள்ளி உட்கார்ந்திருந்தார். அவர் நிமிரவே இல்லை. மனைவியிடம் கேட்டேன், வீட்டுக்குப் போய்ச் சொல்கிறேன் என்றாள். இன்னும் சொல்லவில்லை. செக்யூரிட்டியிடம் கேட்டால், நல்ல வார்த்தைதான் சார், விடுங்க என்கிறார்.